மலைக்கு நேரே ஓர் ஆண்டெனா

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் கம்பியைப் பார்த்துவிட்டு, கிரிவலம் வருகிறவர்கள் இன்றைக்கும் நின்று விசாரிக்கிறார்கள். "இது இன்னாங்க, இடிதாங்கியா?" என்பார் ஒருவர். "செல்போன் டவரா? நல்லா வாடகை தராங்களா?" என்பார் இன்னொருவர். என் கணவர் வாசலில் இருந்தால், "அவங்க தம்பிகிட்ட பேசறதுக்கு" என்று உண்மையைச் சொல்லிவிடுவார். கேட்டவர் சிரித்துவிட்டு நடையைக் கட்டிவிடுவார். உண்மைக்கு எங்கள் தெருவில் அவ்வளவுதான் மரியாதை.

எனக்கு ஐம்பத்தோரு வயது. அடி அண்ணாமலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். வீடும் அங்கேயேதான், கிரிவலப் பாதையோரம். சாம்பாரில் புளி கூடிவிட்டால் வாசனையிலேயே சொல்லிவிடுவேன். ஆண்டெனாவில் எது கூடினால் எது குறையும் என்பது மட்டும் எனக்கு இதுவரை பிடிபடவில்லை. ஆனாலும் ரேடியோவில் பேசுவதற்கான அரசாங்க உரிமம் என் பெயரில் இருக்கிறது. இது எப்படி நடந்தது என்றால், தம்பியால் நடந்தது.

தம்பி என்னைவிட நான்கு வயது இளையவன். கீழ்பென்னாத்தூரில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். அப்பாவின் நிலத்தில் மணிலாவும் போடுகிறான், எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். எதையாவது பிரித்து மாட்டாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. ஏழெட்டு வருடங்களுக்கு முன்னால், வீட்டிலிருந்தே ரேடியோவில் மற்ற ஊர்க்காரர்களுடன் பேசலாம், அதற்கு ஒரு பரீட்சை எழுதவேண்டும் என்று எங்கோ கேட்டுவிட்டு வந்தான். "தனியா போய் எழுத கூச்சமா இருக்குக்கா, நீயும் வா" என்று எனக்கும் சேர்த்து விண்ணப்பம் வாங்கி நிரப்பிவிட்டான். அவன் புரிந்துகொண்டு படித்தான். நான் பள்ளிக்கூட நாட்களில் திருக்குறளை ஒப்பித்த மாதிரி ஒப்பித்தேன். சென்னைக்குப் போய் எழுதினோம். இரண்டு பேருமே தேறிவிட்டோம். ஆளுக்கொரு கையடக்க ரேடியோ வாங்கிக்கொண்டு வந்தபோது அப்பா சொன்னார்: "ஒரே வயித்துல பொறந்துட்டு, பேசிக்கறதுக்கு சர்க்கார்ல லைசென்ஸ் வாங்கிக்கினு வந்திருக்குதுங்க பாரு." எல்லோரும் சிரித்தோம். அப்பாவே ரொம்ப நேரம் சிரித்தார்.

அந்த ரேடியோவை நான் இரண்டு மாதம் வைத்து விளையாடிவிட்டு பீரோவில் போட்டேன். எதற்கு ரேடியோ? தம்பி தினமும் போனில்தான் பேசினானே. காலையில் டீ குடித்துக்கொண்டே கூப்பிடுவான். "இங்க வெயில் வந்துடுச்சுக்கா" என்பான். "இங்க இன்னும் வரல" என்பேன். எங்களுக்கு அது காலை வணக்கம் மாதிரி.

பிறகு அப்பா போய்ச் சேர்ந்தார். சாயங்காலம் நெஞ்சு கரிக்கிறது என்று சொன்னாராம். தம்பி சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறான். விடியற்காலையில் வேன் வைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தபோது வழியிலேயே முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியத்தில், இலை போட்டுச் சொந்தபந்தமெல்லாம் உட்கார்ந்திருந்த நேரத்தில், நான் வாயைத் திறந்தேன். எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் பெயர். அன்றைக்கு அது ஊர் முழுக்க நீண்டது. "நெஞ்சு வலின்னு சொன்ன மனுஷனுக்கு விடிய விடிய சோடா வாங்கிக் குடுத்தானே, இவனா புள்ள? இவனே கொன்னுட்டான்" என்றேன். தம்பி பாதி இலையில் எழுந்தான். கை கழுவினான். போய்விட்டான்.

அதற்குப் பிறகு இரண்டரை வருடம் அவன் என் போனை எடுக்கவில்லை. ஒரு வருடம் கழித்து அவன் மனைவி ஒரு துக்க வீட்டில் என்னிடம் சொன்னாள். அப்பாவுக்கு நெஞ்சு கரித்த அன்றைக்குச் சாயங்காலமே தம்பி ஆஸ்பத்திரிக்குப் போக வண்டிக்குச் சொல்லிவிட்டுத்தான் வந்தானாம். அப்பாதான், "காலைல போய்க்கலாம்டா, இப்ப படுத்தா சரியா போயிடும்" என்று திரும்பிப் படுத்துவிட்டாராம். அதைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. உடனே போய் அவன் முன்னால் நின்றிருக்கவேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், அவன் மனைவியிடம் நலம் விசாரித்தேன், அவன் பையனுக்குப் பிறந்தநாள் சட்டை வாங்கி அனுப்பினேன், மணிலா அறுவடைக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிடட்டுமா என்று ஆள் விட்டுக் கேட்டேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அந்த வேலை. மூக்கை மட்டும் கடைசிவரை தொடவேயில்லை.

அப்படியே ஓட்டியிருப்பேன். ஆனால் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை மாதம் முகூர்த்தம். எங்கள் பக்கம் தாய்மாமன் வந்து மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணையில் ஏறமாட்டாள். கார்த்திகையிலேயே நானும் கணவரும் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் போனோம். முன்வாசலில் வண்டியை நிறுத்தும்போதே பின்வாசல் கதவுச் சத்தம் கேட்டது. மோட்டார் கொட்டகைக்குப் போய்விட்டான். அவன் மனைவிதான் தட்டை வாங்கிக்கொண்டாள்.

"வருவாரு அண்ணி, பாப்போம்" என்றாள். பிறகு மனது கேட்காமல், "காலைல ஆறரை ஆனா அந்த ரேடியோ முன்னாடி உக்காந்துக்கினு ஊர்ல இருக்கறவன்கிட்டல்லாம் பேசறாரு. கூப்பிட்டவனுக்கெல்லாம் பதில் சொல்றாரு. நம்மகிட்ட பேசத்தான் வாய் வரல" என்றாள்.

வண்டியில் திரும்பும்போது எனக்கு அந்த ஒரு வாக்கியம்தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது. கூப்பிட்டவனுக்கெல்லாம் பதில் சொல்கிறான். போனில் என் பெயர் தெரிந்தால் எடுக்கமாட்டான். ரேடியோவில் பெயர் தெரியாது, குரல்தான் வரும். குரல் வந்த பிறகு எப்படி எழுந்து போவான்? வீட்டுக்கு வந்ததும் பீரோவைத் திறந்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்கு மாடியில் ஏறி ரேடியோவைத் திருகினேன். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி இரைச்சல். வேறு ஒன்றுமில்லை. கையடக்க ரேடியோவின் குட்டைக் கம்பி போதாது, வீட்டுக்கு மேலே நல்ல ஆண்டெனா வைக்கவேண்டும் என்று ஒப்பித்த பாடம் ஞாபகம் வந்தது. எந்த ஆண்டெனா என்பது ஞாபகம் வரவில்லை.

டவுனில் ஒரு பல் டாக்டர் வீட்டு மாடியில் பெரிய ஆண்டெனா இருப்பதைக் கணவர் பார்த்திருக்கிறார். அவர் அரசு பஸ் கண்டக்டர். எந்த வீட்டு மாடியில் எது இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். போய்ப் பார்த்தேன். காலை ஆறரைக் கூட்டத்தை நடத்துவதே அந்த டாக்டர்தான் என்று தெரிந்தது. வருகைப் பதிவு எடுப்பது போல், உரிமத்தில் பெயருக்குப் பதிலாகக் கொடுத்திருக்கும் அழைப்புக் குறியைச் சொல்லி ஒவ்வொருவரையும் கூப்பிடுவாராம். அவரவர் பதில் சொல்லவேண்டுமாம். ஆனால் அவருக்கு வேலை செய்துகொண்டே பேசித்தான் பழக்கம். "உக்காருங்க மேடம்" என்று அந்தச் சாய்ந்த நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். "வாயைத் திறங்க" என்றார். திறந்தேன். "கடவாப்பல் சொத்தை" என்றார். நான் ஆண்டெனா கேட்கப் போனவள் என்பது ஐந்து நிமிடத்தில் இரண்டு பேருக்குமே மறந்துவிட்டது.

"ஸ்டிக் ஆண்டெனான்னா எல்லாப் பக்கமும் சமமா போகும், டியூப்லைட் மாதிரி" என்றார், பல்லைக் குடைந்துகொண்டே. "யாகின்னு ஒண்ணு இருக்கு. அது டார்ச் லைட். ஒரே பக்கம் போகும், ஆனா பலமா போகும். உங்க வீடு மலைக்குப் பின்னாடி இல்ல? கஷ்டம்தான். ஆனா உச்சியில பட்டு கொஞ்சம் அந்தப் பக்கம் இறங்கும். உயரம் முக்கியம். கேபிள் நீளம் ஜாஸ்தியானா பவர் கம்மியாயிடும்." உயரமாக வைத்தால் கேபிள் நீளமாகத்தானே ஆகும், பிறகு எப்படி என்று கேட்க நினைத்தேன். வாயில் பஞ்சு. மலைக்குப் பின்னாடி இருப்பது நாங்களா டவுன்காரர்களா என்றும் கேட்க நினைத்தேன். எங்களுக்கு நீங்கள்தான் பின்னாடி.

பஞ்சை எடுத்ததும் தம்பியைப் பற்றிச் சொன்னேன். "உங்க தம்பியா? தினம் பேசறானே. நான் வேணா சொல்லட்டுமா, அக்கா பேசணும்னாங்கன்னு?" என்றார். வேண்டாம் என்றேன். ஆள் விட்டுச் சொன்னதெல்லாம் போதும் என்று அப்போதே தோன்றியிருக்கிறது. ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை.

எல்லாப் பக்கமும் போவதுதானே நல்லது என்று ஸ்டிக்கையே வாங்கினேன். எங்கள் தெருவில் மோட்டார், ஒயரிங் எல்லாம் பார்க்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். பௌர்ணமி தவறாமல் வெறுங்காலோடு கிரிவலம் போகிற மனிதர். பள்ளிக்கூடத்தில் வேலை என்பதால் தெருவில் எல்லோரும் கூப்பிடுவது போல அவரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். பதினைந்து அடி ஜி.ஐ. பைப்பைக் கைப்பிடிச் சுவரில் கிளாம்பு போட்டு நிறுத்தினார். எர்த் கம்பியை வேப்பமரத்தடியில் புதைத்து, கேபிளை ஜன்னல் வழியாக இறக்கினார். நிறுத்தும்போது ஒரு மாமரத்துக் கிளை, இரண்டு கொடிக் கயிறு, கணவரின் உபதேசம் எல்லாம் குறுக்கே வந்தன. ஒருவழியாக நின்றது.

அடுத்த நாள் காலை ஜவ்வாது மலைப் பக்கத்திலிருந்து யாரோ ஒருவர் தனக்கு நான்கு நாளாக இருமல் என்று தெளிவாகச் சொன்னார். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு மூச்சுகூட வரவில்லை. நடுநடுவே இரைச்சலுக்குள் யாரோ முனகுவது போல் இருக்கும். அது டாக்டரா, தம்பியா, என் ஆசையா, தெரியாது. நானும் பட்டனை அழுத்தி அழைப்புக் குறியைச் சொல்லிப் பார்த்தேன். இருமல்காரர் மட்டும், "வணக்கம்மா, நல்லா கேக்குது" என்றார். அவருக்குக் கேட்டு எனக்கு என்ன ஆகப்போகிறது. கருப்பட்டி போட்டுச் சுக்குக் கஷாயம் குடிக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் மண்டை காய்ந்தது. வீடியோக்களைப் பார்த்தேன். ஒருவர் உயரத்தைக் கூட்டு என்கிறார். ஒருவர் கேபிளைக் குறை என்கிறார். ஒருவர் எர்த் சரியில்லை என்றால் எதுவும் சரியில்லை என்கிறார். இன்னொருவர் வெள்ளைக்காரர், அவர் வீட்டைச் சுற்றி மலையே இல்லை. மார்கழி பிறந்துவிட்டது. கல்யாணத்துக்கு ஒரு மாதம். மகள், "மாமா வரலன்னா பரவால்லம்மா, பெரியப்பா இருக்காரு இல்ல, அவரு எடுத்துக் குடுக்கட்டும்" என்றாள். பரவாயில்லை என்று சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சின்ன வயதில் மாமா தோளிலிருந்து இறங்கமாட்டேன் என்று அடம் பிடித்தவள்.

மறுபடியும் டாக்டரிடம் போனேன். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. அவர் மாடி அறையில் கிடந்த பழைய யாகி ஒன்றைக் கொடுத்தார். முன்காலத்து டி.வி. ஆண்டெனா போல, மீன் முள்ளாட்டம் நீளக் கம்பியில் குறுக்குக் கம்பிகள். "குறுக்குக் கம்பியெல்லாம் செங்குத்தா நிக்கணும். சின்னக் கம்பி இருக்கிற முனைதான் முன்பக்கம். அதை உங்க தம்பி இருக்கிற பக்கம் பாத்து வெச்சிடுங்க. அவ்ளோதான்" என்றார்.

தம்பி இருக்கிற பக்கம். இதில் குழப்பமே இல்லை என்று நினைத்தேன். மாடியில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். "கீழ்பென்னாத்தூர் எந்தப் பக்கம்?" என்று எலக்ட்ரீஷியன் கேட்டார். மூன்று கைகளும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் நீண்டன: ரோடு போகிற பக்கம். "இப்படியே போனா வாயு லிங்கம், குபேர லிங்கம், ஈசானியம். அங்க திரும்பினா செஞ்சி ரோடு. நேரா கீழ்பென்னாத்தூர்" என்றார் கணவர், டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற தோரணையில். யாகியை அந்தப் பக்கம் திருப்பி இறுக்கினோம். மாலை போடாத குறையாகப் பார்த்து ரசித்தோம்.

காலையில் ஒன்றும் வரவில்லை. இருமல்காரர்கூட வரவில்லை. டார்ச் லைட் என்று டாக்டர் சொன்னது சரிதான். எங்கள் டார்ச் யார் கண்ணிலும் படவில்லை.

கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று நான்கு நாள் திருப்பிப் பார்த்தோம். வடக்கே திருப்பினோம், வடமேற்கே திருப்பினோம், சந்தேகத்துக்கு ஒருமுறை செங்கம் பக்கம்கூடத் திருப்பினோம். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு இடத்தில் கை தானாக நின்றுவிடும். எந்த இடத்தில், ஏன் என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

ஐந்தாம் நாள் காலை நான் அடுப்படியில் இருந்தேன். ரேடியோவைப் பழக்க தோஷத்தில் திறந்து வைத்திருந்தேன். மாடியில் தடதடவென்று சத்தம். மலையிலிருந்து இறங்கும் குரங்குகள் அந்த நேரத்துக்கு வருவது வழக்கம். கொடியில் காயும் துணியை இழுக்கும். குரங்கு கையில் பூமாலை என்பார்கள். எங்கள் வீட்டில் குரங்கு கையில் ஆண்டெனா. தடியை எடுத்துக்கொண்டு ஓடலாம் என்று எழுந்தேன். அப்போது ரேடியோ இரைச்சல் சட்டென்று அடங்கி, தம்பி பேசினான்.

"...பனி ஜாஸ்திங்க இங்க. மணிலாவுக்கு நல்லதில்ல..."

அவ்வளவுதான். இரண்டரை வருடம் கழித்து அவன் குரல். கொஞ்சம் கரகரப்பாகியிருந்தது. அப்பா குரல் போலவே ஆகிக்கொண்டு வந்தது. நான் பட்டனை அழுத்தவில்லை, கையில் மாவு. கை கழுவக்கூடத் தோன்றாமல் மாடிக்கு ஓடினேன், ஆண்டெனாவுக்கு என்ன ஆயிற்றோ என்று. ஒரு பெரிய கடுவன் யாகியின் நுனியைப் பிடித்து ஊஞ்சலாடிவிட்டு, என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக் குதித்தோடியது. கிளாம்பு தளர்ந்து பைப்போடு திரும்பியிருந்தது. யாகி நேராக மலை உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றது.

நான் செய்ததைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒரு விநாடிகூட யோசிக்காமல், "ஐயையோ" என்று அதைப் பிடித்து ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன். கீழே வந்தேன். இரைச்சல். தம்பி போய்விட்டான்.

அடுப்பில் தோசை கருகியது. நான் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தேன். என்ன நடந்தது என்று புரியவில்லை. நல்லபடி வைத்தால் கேட்கவில்லை, குரங்கு கெடுத்தால் கேட்கிறது. மறுபடியும் மாடிக்குப் போய் வெறுமனே நின்றேன். பனி விலகவில்லை. எங்கள் வீட்டுக்குச் சூரியன் நேரத்தோடு வராது. மலைக்கு அந்தப் பக்கம் உதித்து, உச்சிக்கு மேலே ஏறிய பிறகுதான் எங்கள் மாடிக்கு வெயில். அன்றைக்கும் உச்சிக்குப் பின்னால் வெளிச்சம் கட்டிக்கொண்டு நின்றது. "இங்க வெயில் வந்துடுச்சுக்கா." "இங்க இன்னும் வரல." எத்தனை வருடம் சொல்லியிருப்போம். அவன் ஊர் வெயில்தான் மலை ஏறி எனக்கு வந்துகொண்டிருந்தது. கீழ்பென்னாத்தூர் ரோடு போகிற பக்கம் இல்லை. மலைக்கு நேர் பின்னால். நான், என் கணவர், எலக்ட்ரீஷியன், மூன்று பேரும் இத்தனை வருடமும் மலையைச் சுற்றித்தான் போயிருக்கிறோம். நேராக ஒரு கோடு போட்டுப் பார்க்க எங்களுக்குத் தோன்றவேயில்லை.

அதுமட்டுமில்லை. எங்கள் வீட்டில் மலையைப் பார்த்துக் கால் நீட்டிப் படுக்கமாட்டோம். விளக்குமாற்றைக்கூட அந்தச் சுவரில் சாத்தமாட்டோம். கழிவறைக் கதவு மலையைப் பார்க்கக்கூடாது என்று வீடு கட்டும்போது கணவர் மேஸ்திரியோடு ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டார். அந்த மலையைப் பார்த்து முள் முள்ளாக ஒரு கம்பியை யார் நீட்டுவார்? யாரும் யாரிடமும் சொல்லவில்லை. கை தானாக நின்ற இடம் அதுதான்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கம்பியை மலைக்கு நேராகத் திருப்பவேண்டும் என்றேன். அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

"வேற எந்தப் பக்கம் வேணா சொல்லுங்க டீச்சர், திருப்பறேன். அது மலை இல்ல, சாமி. நெஞ்சுக்கு நேரா முள்ள நீட்டச் சொல்றீங்க. என் கையால மாட்டேன்."

கணவரும் செருமினார். "நாளைக்குக் கல்யாணத்துல ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா இதத்தான் சொல்லுவாங்க" என்றார். அவர் பயப்படுகிற ஆள் இல்லை. அன்றைக்குப் பயந்தார்.

எனக்கும் பயம்தான். ஆனால் அந்தக் குரலைக் கேட்டுவிட்டேனே. செருப்பைக் கழற்றி வைத்தேன். உச்சியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "தெரிஞ்சுதான் செய்யறேன், மன்னிச்சுக்கோ. என் தம்பி அந்தப் பக்கம் இருக்கான்" என்றேன், வாய்விட்டே. எலக்ட்ரீஷியன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்பானரை எடுத்து நானே தளர்த்தி, நானே திருப்பி, நானே இறுக்கினேன். பிறகு யோசித்தேன்: மன்னிப்பு என்ற வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. மலையிடம் கேட்பது சுலபம். மலை எழுந்து பின்வாசல் வழியாகப் போகாது.

அடுத்த நாள் ஆறேகாலுக்கே ரேடியோ முன்னால் உட்கார்ந்தேன். ஆறரைக்கு டாக்டர் குரல் வந்தது. கொஞ்சம் இரைச்சலுக்கு மேலே மிதந்த மாதிரி, ஆனால் வார்த்தை வார்த்தையாக வந்தது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். தம்பியைக் கூப்பிட்டார். தம்பி அழைப்புக் குறியைச் சொல்லி, "காலை வணக்கம், எல்லாம் நல்லா இருக்குது" என்றான். கடைசியாக டாக்டர், "வேற யாராவது புது ஸ்டேஷன் இருந்தா சொல்லுங்க" என்றார்.

நான் பட்டனை அழுத்தி என் அழைப்புக் குறியைச் சொன்னேன். அதை எனக்கு ஒப்பிக்கச் சொல்லிக் கொடுத்தவனே தம்பிதான். அது யாருடையது என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது.

டாக்டர் தொண்டையைச் செருமி, "வணக்கம் மேடம். நல்லா வருது. பேசுங்க" என்றார்.

பட்டனை அழுத்தியிருக்கும்வரை எதிரில் இருப்பவர் குறுக்கே பேசமுடியாது. என் போன்ற வாய்க்கு அது ஆபத்தான கருவி. என்ன பேசுவது என்று இரவெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன்: நலம் விசாரிப்பது, மணிலா, பனி, பிறகு மெதுவாகக் கல்யாணப் பேச்சு. திரும்பவும் ஈசானியம் வழியாகச் சுற்றுகிற பாதை. ஜன்னலில் மலை தெரிந்தது. எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரியாது. ஆனால் பந்தியில் சொன்னபோதும் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்துவிட்டா சொன்னேன்?

"தம்பி, அக்கா பேசறேன்" என்றேன். "அப்பா விஷயத்துல நான் எல்லார் முன்னாடியும் சொன்னது தப்பு. நீ வண்டி சொல்லிட்டு வந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும். தெரிஞ்சும் ஒன்றரை வருஷம் சொல்லாம இருந்துட்டேன். நீ ஒண்ணும் பண்ணலடா. நான் சொன்னது பொய். மன்னிச்சுடு." பேசி முடித்ததற்கு அடையாளமாகச் சொல்லவேண்டிய 'ஓவர்' சொல்ல மறந்துவிட்டேன். கட்டைவிரல் பட்டனிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுக்கவே ஒரு முயற்சி தேவைப்பட்டது.

இரைச்சல். நீண்ட இரைச்சல். போய்விட்டான் என்றே நினைத்தேன். ரேடியோவுக்கும் பின்வாசல் உண்டு, அணைத்துவிட்டால் போதும்.

பிறகு அவன் குரல் வந்தது.

"பாதிதான் வந்துச்சு. திரும்பச் சொல்லு. ஓவர்."

எந்தப் பாதி? முதல் பாதியா, கடைசிப் பாதியா? நிஜமாகவே கேட்கவில்லையா? ஆண்டெனா அசைந்துவிட்டதா? எதையும் யோசிக்க நேரமில்லை. முழுவதையும் திரும்பச் சொன்னேன். இந்தத் தடவை அழுகை வந்து இடையில் நின்று, நின்ற இடத்திலிருந்து தொடர்ந்தேன். கணவர் கதவோரம் வந்து நின்றிருந்தார். மகள் அவர் பின்னால்.

மறுபடியும் இரைச்சல். பிறகு, "இப்ப கேட்டுச்சுக்கா" என்றான். "கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துடறேன். மாலை நானே கட்டச் சொல்லி எடுத்துக்கினு வரேன், நீங்க வாங்காதீங்க." கொஞ்சம் நிறுத்தி, "ஆண்டெனாவ எங்க பாத்து வெச்சிருக்க? ஓவர்" என்றான்.

"மலையைப் பாத்து" என்றேன்.

"ஐயோ" என்றான். அவனும் எங்கள் வீட்டுப் பிள்ளைதானே.

தை மாதம் சொன்னபடி முந்தின நாளே வந்தான். வந்ததும் மாடிக்குத்தான் ஏறினான். மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, யாகியை ஒரு விரற்கடை நகர்த்திக் கிளாம்பை இறுக்கினான். மறுநாள் என் மகளுக்கு மாலை எடுத்துக் கொடுத்தான். அவள் சிரித்துக்கொண்டே குனிந்து வாங்கிக்கொண்டாள். நான் எங்கே நின்று அழுதேன் என்பதெல்லாம் கல்யாண வீடியோவில் இருக்கிறது.

டாக்டரும் வந்திருந்தார். பந்தியில் தம்பிதான் பரிமாறிக்கொண்டு வந்தான். நான் பக்கத்தில் நின்றேன். டாக்டர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "அன்னைக்கு உங்க குரல் மொதல் தடவையே கண்ணாடி மாதிரி வந்துச்சு மேடம். எனக்கே அப்படின்னா, உங்க தம்பி பெரிய ஆண்டெனா வெச்சிருக்கான், அவனுக்கு ஒரு எழுத்து விட்டிருக்காது" என்றார்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டாக்டர் சார், ரசம் கொஞ்சம் விடட்டுங்களா?" என்று குனிந்தான்.

முதல் தடவையே கேட்டதா என்று நான் இன்றுவரை அவனைக் கேட்கவில்லை. ரேடியோ விஷயம் எனக்கு எதுவும் நிச்சயமில்லை. மலை மறைத்திருக்கலாம், பனி மறைத்திருக்கலாம். எல்லார் முன்னாலும் ஒரு தடவை சொன்ன பொய்க்கு, எல்லார் முன்னாலும் இரண்டு தடவை உண்மையைச் சொன்னேன். மூன்றாவது தடவை கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன்.